மணல் இறங்கிய வழியில் ஏறும் சைக்கிள்

காஷ்மீரிலிருந்து மிதித்து வரும் சைக்கிள்காரர்களுக்குக் கன்னியாகுமரி ஒரு முற்றுப்புள்ளி. முக்கடலும் கூடும் இடத்தில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு சக்கரத்தைக் கழற்றிக் கட்டி ரயிலேறிவிடுகிறார்கள். நாட்டின் நீளத்தை அளந்து முடித்த பெருமை அவர்களுக்கு உரியதுதான். ஆனாலும் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் எழும். இன்னும் ஒரு நாள் தங்கினால், அலை தொட்ட சக்கரத்தோடு காலையில் புறப்பட்டு, மதியத்துக்குள் யானை நடமாடும் காட்டின் வாசலில் போய் நிற்கலாமே!

இந்த மாவட்டத்தின் கடற்கரை நீளம் சுமார் 70 கிலோமீட்டர். நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காடு. இரண்டுக்கும் நடுவில் தென்னை, வயல், குளம், வாழை, ரப்பர் என்று எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. முட்டத்துக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தொடங்கி, நாகர்கோவில், பூதப்பாண்டி, அழகியபாண்டிபுரம், தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை, காளிகேசம்வரை போனால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். கியர் வைத்த மலைச்சைக்கிள் இருந்தால் நிதானமாக ஒரு பகலில் முடியும்.

இந்த வழியை நான் பரிந்துரைப்பதற்குக் காட்சியழகு மட்டும் காரணமல்ல. கடற்கரையில் டயருக்கு அடியில் நெரியும் மணல், ஒரு காலத்தில் அந்த மலைகளின் பாறையாக இருந்தது. மழை அதைக் கரைத்தது, ஓடை உருட்டியது, ஆறு கொண்டுவந்து கடலில் சேர்த்தது, அலை தரம் பிரித்தது. கடலிலிருந்து மலைக்கு மிதிக்கிறவர் ஒரு மணல்துகளின் வாழ்க்கையை முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் படிக்கிறார். மண் மாறும் ஒவ்வொரு இடத்திலும் சைக்கிளின் குணமும் மாறுவதால், அந்தப் பாடத்தைக் கண்ணைவிட முன்னதாகக் கைகளும் கால்களும் உணர்ந்துவிடுகின்றன.

மணவாளக்குறிச்சி மணலை முதல்முறை பார்ப்பவர்கள் திகைப்பார்கள். வெள்ளை மணலுக்கு நடுவே கரும்பட்டைகள், அவற்றின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் மெல்லிய கோடுகள். கருப்பு பெரும்பாலும் இல்மனைட். டைட்டானியமும் இரும்பும் சேர்ந்த கனிமம். ரோஜா நிறம் கார்னெட். இவற்றோடு சிர்கான், ரூட்டைல், சில்லிமனைட், தேன்மஞ்சள் நிற மோனசைட் எல்லாம் கலந்திருக்கும். சாதாரண வெள்ளை மணல் குவார்ட்ஸ். அதே பருமனுள்ள தண்ணீரைப்போல் அது 2.65 மடங்கு கனம். கார்னெட் ஏறக்குறைய 4 மடங்கு, இல்மனைட் 4.7, மோனசைட் 5 மடங்கு. தென்மேற்குப் பருவத்தில் அலை கரையேறும்போது எல்லாத் துகளையும் வாரிக்கொண்டு வருகிறது. திரும்பும்போது வேகம் குறைவு. லேசான குவார்ட்ஸை மட்டும் இழுத்துக்கொண்டு போகிறது, கனமானது தங்கிவிடுகிறது. சுளகில் நெல் புடைக்கும்போது பதர் பறந்து மணி தங்குவதுபோலத்தான். ஒரே வேறுபாடு, இங்கே புடைக்கிற கை பல ஆயிரம் ஆண்டுகளாக ஓயவில்லை.

இந்த மணலை உலகம் கண்டுகொண்ட கதையில் கயிறு இருக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அப்போது கேஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அந்தத் தேடல் அவரை மணவாளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இன்று அங்கே மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் மணலைப் பிரித்தெடுக்கிறது. மோனசைட்டில் தோரியத்தோடு சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களும் உள்ளன. இப்போது பிரபலமாகிவரும் மின்சார சைக்கிளின் மோட்டாருக்குள் இருக்கும் சிறிய, வலுவான காந்தங்கள் நியோடிமியத்தால் ஆனவை.

சரி, இந்த மணலில் சைக்கிளை ஓட்டிப் பார்ப்போம். காய்ந்த மணலில் முன்சக்கரம் உடனே புதையும். ஹேண்டில்பார் தன் போக்கில் திரும்பும். இரண்டு மிதியில் மூச்சு வாங்கும். காரணம் எளிய கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 40 கிலோ. டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய அதன் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 60 பிஎஸ்ஐ அடித்திருந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 4 கிலோவைத் தாங்கும். எனவே 10 சதுர சென்டிமீட்டர் மட்டும் தரையில் படும். தீப்பெட்டி அளவுகூட வராது. 15 பிஎஸ்ஐக்கு இறக்கினால் பரப்பு 40 சதுர சென்டிமீட்டராக விரியும். அதே சுமை நான்கு மடங்கு இடத்தில் பரவுவதால் மணல் தாங்கிக்கொள்ளும். மெல்லிய டயரில் அவ்வளவு காற்றை இறக்கினால் ரிம் தரையில் இடிக்கும். மணலுக்கென்று நான்கு அங்குல அகல டயர் போட்ட சைக்கிள்கள் பிறந்ததற்குக் காரணம் இதுதான்.

டயரை மாற்ற வழியில்லாதவர் பாதையை மாற்றிக்கொள்ளலாம். அலை வந்து திரும்பிய ஈரப்பட்டையில் சக்கரத்தை ஏற்றுங்கள், தார்ச்சாலைபோல் ஓடும். காய்ந்த துகள்களை ஒன்றோடொன்று பிணைக்க எதுவும் இல்லை. கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் இரண்டு துகளுக்கு இடையில் நீர் ஒரு நுண்ணிய பாலமாக நின்று, தன் பரப்பு இழுவிசையால் இரண்டையும் இறுக்கிக்கொள்கிறது. இடைவெளி முழுவதும் நீர் நிரம்பிவிட்டால் பாலம் மறைந்துவிடும், பிடிப்பும் போய்விடும். அதனால்தான் அலைக்குள் இறங்கியதும் சக்கரம் மறுபடி புதைகிறது. இறுக்கமான பாதை இரண்டுக்கும் நடுவில் சில அடி அகலத்தில் ஓடுகிறது. அலையோடு சேர்ந்து அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

அந்த ஈரப்பட்டையில் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினால் இன்னொரு வியப்பு கிடைக்கும். பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளிறும், காய்ந்துவிட்டதுபோல் தோன்றும். அழுத்தினால் நீர் பிதுங்கி வெளியே வர வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும் துகள்கள் நகர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் நகர முடியும். ஏறும்போது இடைவெளி அதிகமாகிறது. மேலே நின்ற நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1885இல் இதை விளக்கினார். அதற்கு முன்பும் மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகள் ஈரமணலில் நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கிழக்கே முட்டத்துக்குப் போனால் நிறம் மாறுகிறது. கடலை ஒட்டிச் செக்கச்செவேலென்று மண்மேடுகள், அவற்றை மழை கிழித்த ஓடைகள், கீழே அலை மோதும் கரும்பாறைகள். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுக்கு உறவான செம்மணல் இது. கடற்கரை மணலைக் காற்று உள்ளே வாரிக் குவித்தது. பிறகு நீண்ட காலம் மழையும் வெயிலும் பட்டு, இல்மனைட், கார்னெட் போன்றவற்றிலிருந்த இரும்பு வெளிவந்து துருவாக மாறி, ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்தது. துகளைத் தண்ணீரில் அலசினால் சிவப்பு போகாது. அமிலத்தில் போட்டால் உள்ளே வெள்ளைக் குவார்ட்ஸ் தெரியும். சிவப்பு மேடுகளின் மேல் சைக்கிளை ஏற்றிச் சாகசம் செய்யும் ஆசை இளைஞர்களுக்கு வரும். தயவுசெய்து வேண்டாம். இந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்தத் துருப்பூச்சும் கொஞ்சம் களியும்தான். ஒரு டயர்த் தடம் அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும். ஓரங்கள் சரியவும் செய்யும்.

ராஜாக்கமங்கலம் வழியாக உள்ளே திரும்பி நாகர்கோவிலைத் தாண்டியதும் நாஞ்சில் நாட்டு வயல்வெளி. மணல் போய்க் களிமண் வருகிறது. மலையில் பாறை சிதையும்போது குவார்ட்ஸும் கார்னெட்டும் துகளாகப் பிரிந்து ஆற்றோடு கடலுக்குப் போகின்றன. பெல்ஸ்பார் என்ற கனிமமோ நீரோடு வினைபுரிந்து களியாக மாறி, வெள்ளம் வேகம் இழக்கும் சமவெளியில் படிந்துவிடுகிறது. ஒரே பாறையின் ஒரு பங்கு கடற்கரையானது, இன்னொரு பங்கு நெல்வயலானது. பழையாறு நாஞ்சில் நாட்டுக்கு ஊட்டியது தண்ணீரை மட்டுமல்ல. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது பறவைகளைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அந்தக் குளங்களின் அடியில் கிடக்கும் களியும் அந்த மலையின் ஒரு பகுதிதான்.

களிமண் சைக்கிளுக்குப் பிடிக்காது. ஈரக்களி டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அடைத்து, சுற்றவே விடாது. எனவே இங்கே வரப்பில் இறங்காமல் சானல்கரையைப் பிடிக்க வேண்டும். கோதையாறு பாசனத் திட்டத்தின் தோவாளை சானல், அனந்தனாறு, புத்தனாறு ஆகியவற்றின் கரைகள் பல இடங்களில் மண்பாதையாகவே இருக்கின்றன. இந்த மாவட்டத்தில் சைக்கிளுக்கு இதைவிட நல்ல பாதை இல்லை என்பது என் கருத்து. அதற்குப் பொறியியல் காரணம் உண்டு. பாசன வாய்க்கால் வேகமாக இறங்கினால் கரையை அரித்துவிடும். மெதுவாகப் போனால் வண்டல் அடைத்துவிடும். அதனால் கிலோமீட்டருக்குச் சில பத்து சென்டிமீட்டர் மட்டும் இறங்கும்படி, மலைச்சரிவின் ஒரே உயரத்தைப் பற்றிக்கொண்டு வளைந்து வளைந்து வெட்டுகிறார்கள். தண்ணீருக்கென்று அளந்த அந்தச் சாய்வு காலுக்குத் தெரியவே தெரியாது. சாலை ஏறி இறங்கும் இடத்தில் சானல்கரை சுற்றிக்கொண்டு போகும். தூரம் கூடும், களைப்பு கூடாது.

இந்தத் திட்டத்தின் தாயணை பேச்சிப்பாறை. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. கட்டிய பொறியாளர் ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின் அணைக்கருகிலேயே அடக்கமாகியிருக்கிறார். 1960களில் பறளியாற்றின் மேல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடி உயரத்தில் தண்ணீர் ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்குப் போகிறது. சாய்வைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகப் பள்ளத்தாக்கையே தாண்டியிருக்கிறார்கள். அதன் நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதே நல்லது. ஓட்டும் அளவுக்கு அகலமும் இல்லை, கீழே பார்த்தால் தைரியமும் இருக்காது.

பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து கிழக்கே ஆரல்வாய்மொழிக்கு ஒரு கிளைப்பயணம் போகலாம். ஜூன், ஜூலையில் போனால் காற்று என்றால் என்னவென்று தெரியும். வடக்கே மகேந்திரகிரி, தெற்கே சிறு குன்றுகள், நடுவில் குறுகிய கணவாய். அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்ட முடியாமல் இந்த இடைவெளியில் நெருக்கிப் பாய்கிறது. வழி குறுகினால் அதே அளவு காற்று வேகமாகப் போய்த்தான் தீர வேண்டும். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடியாகக் கூடும். வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேல். கணவாயை ஒட்டிய முப்பந்தலில் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் நிற்பதற்கு இந்தக் கணக்கே காரணம். நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் அதுவும் ஒன்று.

அதே கணக்கு சைக்கிள்காரரை வதைக்கும். காற்றின் தடை, எதிரில் வரும் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அமைதியான காற்றில் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவர்மேல் விழும் தடையைப் பாருங்கள். எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், அவர் 45 கிலோமீட்டர் வேகக் காற்றைச் சந்திக்கிறார். தடை ஒன்பது மடங்கு. அதே வேகத்தைப் பிடிக்க 250 வாட்டுக்கு மேல் தேவைப்படும். சாதாரண ஆளின் கால்கள் மணிக்கணக்கில் தரக்கூடியது 100 வாட் அளவுதான். வேறு வழியின்றி வேகம் நடைக்குச் சற்று மேலாக இறங்கிவிடும். போகும்போது முதுகில் தள்ளிய காற்றை நம்பிப் பணகுடிவரை பறந்து போனவர்கள், திரும்பும் வழியில் அதற்கு வட்டியோடு கொடுக்க வேண்டியிருக்கும். ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் வரும்போது பஸ்ஸில் வருவதாகத் திட்டமிடுவது நல்லது.

அழகியபாண்டிபுரத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. மலைச்சைக்கிளுக்கு வேலை வரும் இடம் இது.

அந்தச் சைக்கிள் பிறந்த ஊரும் கடலும் காடும் சேர்ந்த ஊர்தான். கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், பசிபிக் கடலைப் பார்த்து நிற்கும் டமல்பாய்ஸ் மலைப்பக்கத்தில், 1970களில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மேலே கொண்டுபோய், மண்பாதையில் உருட்டிவிட்டு இறங்குவதை விளையாட்டாகச் செய்தார்கள். 1976இல் அது பந்தயமானது. பாதை மூன்று கிலோமீட்டர் அளவு. இறக்கம் சுமார் 400 மீட்டர். ஆளும் சைக்கிளுமாக 100 கிலோ அவ்வளவு உயரம் இறங்கும்போது ஏறக்குறைய 390 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் நடுவிலிருந்த சின்ன பிரேக்குக்குள் வெப்பமாக இறங்கியது. உள்ளே இருந்த கிரீஸ் புகையாகிப் போகும்; ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் கழற்றிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ரீபேக்’ என்று அந்தப் பாதைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே ஒரு சட்டகம் செய்தார். கேரி ஃபிஷர், டாம் ரிச்சி போன்றவர்கள் அதை உலகத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று மலைச்சைக்கிளில் இருக்கும் பெரிய உலோக வட்டு பிரேக், வெப்பத்தைக் காற்றில் உதறுவதற்கென்றே வெளியே தெரியும்படி வைக்கப்பட்டிருக்கிறது.

ஏற்றத்துக்குக் கியர். வீட்டில் இருக்கும் கருப்புச் சைக்கிளில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். மலைச்சைக்கிளின் மிகச் சிறிய கியரில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான். ஏற வேண்டிய உயரம் மாறுவதில்லை, செய்ய வேண்டிய வேலையும் மாறுவதில்லை. அந்த வேலையை மூன்றரை மடங்கு அதிகமான சிறு துண்டுகளாக உடைத்துத் தருகிறது கியர். 80 கிலோ எடை 300 மீட்டர் ஏறச் செய்யும் வேலை உணவுக் கணக்கில் 56 கலோரி. தசைகள் உண்ட ஆற்றலில் கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன, மீதி வெப்பமாகி வியர்க்க வைக்கிறது. ஆக மொத்தம் 225 கலோரி செலவு. இரண்டு பெரிய வாழைப்பழத்தில் திரும்பக் கிடைத்துவிடும். வழியெல்லாம் மட்டியும் செவ்வாழையும் தொங்கும் மாவட்டத்தில் இது ஒரு செலவே அல்ல.

தடிக்காரன்கோணத்துக்கு மேல் இருபுறமும் ரப்பர். சைக்கிளை நிறுத்தி டயரை ஒரு முறை தொட்டுப் பார்க்கத் தோன்றும் இடம். 1888இல் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றியதிலிருந்து இன்றுவரை, சைக்கிளின் சொகுசு முழுவதும் இந்த மரத்தின் பாலில்தான் இருக்கிறது. மரத்தின் சொந்த ஊர் அமேசான். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோக, அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு தோட்டங்களில் இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்கள் பலர் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். 1984இல் அரசு ரப்பர் கழகம் அந்தத் தோட்டங்களை ஏற்றது. அங்கே பால்வெட்டும் கைகளில் பலவற்றின் முன்தலைமுறை தேயிலை கிள்ளியது.

பால்வெட்டு விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். காரணம் மரத்தின் உடலில் இருக்கிறது. இரவில் இலைகள் நீரை வெளியே விடாததால் பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் ஏறியிருக்கும். அப்போது கீறினால் பால் நெடுநேரம் வடியும். வெயில் ஏறினால் அழுத்தம் குறையும். சிரட்டையில் விழும் அந்தப் பாலில் ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகள் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் நீளும், விட்டால் மறுபடி சுருளும். வெறும் பாலை உறையவைத்த ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839இல் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினார், சங்கிலிகளுக்கு நடுவே கந்தக முடிச்சுகள் விழுந்தன, டயர் சாத்தியமானது.

இந்த நீளும் குணம் கரடுமுரடான பாதையில் ஒரு விசித்திரத்தைச் செய்கிறது. டயர் கெட்டியாக இருந்தால் வேகமாக ஓடும் என்று எல்லோரும் நம்புகிறோம். தார்ச்சாலையில் அது சரி. சரள் பரப்பில் கெட்டி டயர் ஒவ்வொரு கல்லிலும் ஆளையும் சைக்கிளையும் சேர்த்து மேலே தூக்குகிறது. முன்னால் போக வேண்டிய ஆற்றல் குலுக்கலில் போய்விடுகிறது. காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மேலே உருளும். ஆள் மேலெழும்ப மாட்டார். ஆகவே காட்டுப்பாதையில் காற்றுக் குறைந்த டயரே வேகமான டயர். நம் மெக்கானிக்குகள் பட்டன் டயர் என்று சொல்லும் கட்டைகள் வைத்த டயர், ஈரமண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும். வேர்மேல் மட்டும் எதுவும் பிடிக்காது. மழைக்காலத்தில் வேரின் மேல் பாசி படர்ந்து வழுவழுப்பாகியிருக்கும். அதைக் குறுக்காக, நேர்கோணத்தில் கடக்க வேண்டும், அந்த நொடியில் பிரேக்கையும் தொடக் கூடாது.

காளிகேசத்தை நெருங்கும்போது ஓடைக்கரைப் பாறைகளைப் பாருங்கள். கருத்த, எண்ணெய் தடவியதுபோல் பச்சை மினுக்கும் பாறை சார்னோகைட். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1890களில் அப்படிப் பெயர் வைத்தார். அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. இன்னொரு வகை கோண்டலைட். வெளிறி, துருக்கறை படிந்து, கையால் உதிர்க்குமளவு சிதைந்து கிடக்கும். அதன் உடைந்த முகத்தில் மிளகளவு சிவப்பு மணிகள் பதிந்திருக்கும். கார்னெட்!

ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் ஒன்றாக மோதி ஒட்டியபோது, இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் இந்தப் பாறைகள் வெந்து உருமாறின. இதே வகைப் பாறைகள் இலங்கையின் மலைநாட்டிலும் தென் மடகாஸ்கரிலும் இருக்கின்றன. அந்த வயதை நமக்குச் சொன்னவற்றில் மோனசைட்டும் ஒன்று. தோரியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாகிறது. அதில் பாதி சிதைய 1,405 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதைவிட அதிகம். ஒரு மோனசைட் மணியில் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அது பிறந்த காலம் தெரிந்துவிடும். கயிற்றில் ஒட்டிக்கொண்டு ஜெர்மனிவரை போன மணிகளும் அந்தக் கடிகாரத்தைச் சுமந்துகொண்டுதான் போயின.

காளிகேசத்துக்கு மேல் சைக்கிளுக்கு இடமில்லை. 402 சதுர கிலோமீட்டர் பரந்த கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. உள்ளே இருப்பவை காணிப் பழங்குடி மக்களின் நடைபாதைகளும் யானைத் தடங்களும்தான். சாய்வைப் பற்றி யானைக்கு இருக்கும் அறிவு எந்தச் சைக்கிள்காரருக்கும் குறைந்ததல்ல. வடகென்யாவில் யானைகளின் நடமாட்டத்தைச் செயற்கைக்கோள் கழுத்துப்பட்டையால் பின்தொடர்ந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. அவை குன்றேறுவதைக் கூடியவரை தவிர்க்கின்றன என்று அது கண்டது. நான்கு டன் உடல் நூறு மீட்டர் ஏறுவதென்றால், நாம் சைக்கிளோடு ஏறுவதைப்போல் ஐம்பது மடங்கு வேலை. அதனால் மென்மையான சரிவாகப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாக ஒரே தடத்தில் நடக்கின்றன. சைக்கிள் சத்தமில்லாமல் வருவதாலேயே ஆபத்து அதிகம். வளைவில் திடீரென்று எதிரே நிற்கும் சைக்கிள், தூரத்திலிருந்தே சத்தம் காட்டிவரும் ஜீப்பைவிட யானையை மிரட்டும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பிறகும் காட்டோரச் சாலைகளிலும் இருக்காமல் திரும்பிவிடுவது நம் உயிருக்கும் அதன் நிம்மதிக்கும் நல்லது.

திரும்பும்போது குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், மணலின் கதையில் நாம் சேர்த்துவிட்ட புதுப் பகுதியைப் பார்க்கலாம். கோதையாறு கொண்டுவரும் மணலும் வண்டலும் 1906 முதல் அணைக்குள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. அணை இல்லாமல் நாஞ்சில் நாட்டுக்கு நெல் இல்லை; அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கடல் தன் பங்கு மணலை எதிர்பார்த்து நிற்கிறது. கிடைக்காதபோது கரையை எடுத்துக்கொள்கிறது. மேற்குக் கடற்கரை ஊர்களில் வீடுகள் கடலுக்குப் போன துயரம் ஆண்டுதோறும் செய்தியாகிறது. இதற்கிடையில் கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது, கடற்கரை ஊர்கள் எதிர்த்து எழுந்தன. மலை எத்தனை லட்சம் ஆண்டுகளில் தந்த மணல் அது என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்த மக்களின் கோபம் எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு போடுகிறார்கள். அதற்குப் பெரும்பாறைகள் வேண்டும். குவாரிகளில் குன்றுகளை உடைத்துக் கொண்டுபோகிறார்கள். துகளாக ஆற்றில் இறங்க வேண்டிய மலை, பாளம் பாளமாக லாரியில் கடலுக்கு இறங்குகிறது. எல்லை தாண்டிக் கேரளத்துக்கும் போகிறது. தக்கலை, மார்த்தாண்டம் நெடுஞ்சாலையில் அந்த லாரிகளுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுவது பாதுகாப்பானதல்ல. குலசேகரத்திலிருந்து கீழே வர, முடிந்தவரை சானல்கரையையே பிடியுங்கள். முன்னால் சொன்னதுபோல் தூரம் கொஞ்சம் கூடும். தை, மாசியில் வந்தால் மண் இறுகியிருக்கும், காற்றும் அடங்கியிருக்கும், சானலில் பெரும்பாலும் தண்ணீரும் ஓடும்.